காய்கறி கழுவும் திரவம்: இலைத்துளைக்குள் எட்டாத பாட்டில்

காய்கறி கழுவும் திரவ பாட்டில்களில் அடிக்கடி கண்ணில் படும் வரி ‘99.9% கிருமிகளை நீக்கும்’. எதன்மேல் இருந்த கிருமி என்று தேடினால் பெரும்பாலும் பதில் இருக்காது. சோதனைக்குழாய் நீரில் மிதக்கும் பாக்டீரியாவைக் கொல்வது சுலபம். இலையில் ஒட்டிக்கொண்டதைக் கொல்வது அப்படியல்ல. அதனால் இந்தத் திரவங்களை எடைபோட இலையிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

இலையின் மேல்தோலில் மெழுகு படிந்திருக்கிறது. தண்ணீர் அதில் பரவாமல் முத்து முத்தாக நிற்கும். நரம்போரப் பள்ளங்களிலும் ரோமங்களின் அடியிலும் காற்றுக் குமிழ்கள் தங்கிவிடுவதால் கழுவும் நீர் அங்கே போய்ச் சேர்வதே இல்லை. பாக்டீரியா விரும்பிக் குடியேறுவதும் அங்கேதான். கொத்தமல்லி இலையில் வயிற்றுப்போக்கு தரும் பாக்டீரியாவான சால்மொனெல்லா நரம்புகளை ஒட்டியும் காயம்பட்ட இடங்களிலும் கூட்டமாக உட்காரும். லெட்யூஸ் இலையில் வெளிச்சம் இருக்கும்போது திறந்திருக்கும் இலைத்துளைகளை, அதாவது இலை மூச்சுவிடும் நுண்துளைகளை, நோக்கி அது நீந்திச் சென்று உள்ளே புகுகிறது. ஒளிச்சேர்க்கையில் உருவாகும் சர்க்கரைகள்தான் இழுக்கின்றன என்பது ஆய்வாளர்களின் விளக்கம். இருட்டில் துளைகள் மூடிக்கொண்டால் இந்த நுழைவு பெருமளவு நின்றுவிடுகிறது.

செடி ஒன்றும் சும்மா இருப்பதில்லை. பாக்டீரியா நீந்த உதவும் வால் போன்ற கசையிழையின் புரதத்தை உணர்ந்ததும், துளையின் இருபுறமும் உள்ள காப்புச் செல்கள் அதை மூடிவிடுகின்றன. ஈ.கோலை ஓ157:எச்7 என்ற நோய்க்கிருமி வகை வந்தால் மூடிய துளை நெடுநேரம் மூடியே இருக்கிறது. சால்மொனெல்லா வந்தாலோ மூடிய துளை சில மணி நேரத்தில் மறுபடி திறந்துகொள்கிறது. கழுவுவதற்கு முன்பே உள்ளே போய்விட்டதை வெளியே ஊற்றும் எந்தத் திரவமும் தொடாது.

இப்போது பாட்டில்களுக்கு வருவோம். உள்ளடக்கப் பட்டியலைப் படித்தால் மூன்று வகை தெரியும்.

முதல் வகை டெசைல் குளுக்கோசைடு, கோகோ குளுக்கோசைடு போன்ற நுரைக்கும் பொருள்கள். மண், எண்ணெய்ப் பசை, பழத்தின்மேல் பூசிய மெழுகு ஆகியவற்றை இவை நன்றாகவே தளர்த்தும். அந்த வேலைக்கு நல்ல மதிப்பெண் தரலாம். பாக்டீரியா விஷயத்தில் ஓடும் குழாய் நீரோடு ஒப்பிட்டால் பெரிய வித்தியாசம் இல்லை. அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் காய்கறிக்கு சோப்போ, சலவைத்தூளோ, கடையில் விற்கும் கழுவுதிரவமோ வேண்டாம் என்றே சொல்கிறது. காய்கறியின் தோல் நுண்துளைகள் கொண்டது, போட்டதை உறிஞ்சிக்கொள்ளும் என்பது அதற்கான காரணம்.

இரண்டாவது வகையில் சிட்ரிக் அமிலம், உப்பு, சமையல் சோடா. சோடாவுக்குப் பெயர் வாங்கித் தந்தது 2017இல் ஆப்பிளில் நடந்த ஓர் ஆய்வு. ஒரு லிட்டருக்கு 10 கிராம் சோடா கரைத்த நீரில் 12 முதல் 15 நிமிடம் ஊறவைத்தபோது தோலின்மேல் இருந்த இரண்டு பூச்சிக்கொல்லிகள் நீங்கின; தோலுக்குள் ஊடுருவியது நீங்கவில்லை. அந்த ஆய்வு பாக்டீரியாவைப் பற்றியதே அல்ல. சிட்ரிக் அமிலத்தையும் சோடாவையும் ஒரே பாட்டிலில் சேர்த்து விற்பவர்களும் இருக்கிறார்கள். இரண்டும் ஒன்றையொன்று முறித்துக்கொண்டு சிட்ரேட் உப்பாகிவிடும். வேதியியல் வகுப்பில் தூங்கியவர்கள் தயாரித்த பாட்டில் போலிருக்கிறது.

மூன்றாவது வகையான குளோரினுக்கு மட்டும்தான் கிருமிக்கொல்லி என்ற பெயர் பொருந்தும். சமையல் பயன்பாட்டுக்குரிய, வாசனை சேர்க்காத 5% சோடியம் ஹைப்போகுளோரைட்டில் 2 மில்லி எடுத்து ஒரு லிட்டர் நீரில் கலந்தால் சுமார் 100 பிபிஎம் (பத்து லட்சத்தில் 100 பங்கு) குளோரின் கிடைக்கும். நீரின் பிஎச், அதாவது அமில-கார அளவு, முக்கியம்: 6.5இல் குளோரினில் பத்தில் ஒன்பது பங்கு வீரியமுள்ள வடிவில் இருக்கும், 7.5இல் ஏறக்குறைய பாதி, 8.5இல் பத்தில் ஒரு பங்கே மிஞ்சும். இதைக் கேட்டுவிட்டு வினிகர் ஊற்றிச் சரிசெய்யப் போகாதீர்கள். நச்சு குளோரின் வாயு கிளம்பும். மண்ணோடு இருக்கும் கீரையைப் போட்டாலோ அந்த மண்ணே குளோரினைத் தின்றுவிடும். ஆகவே முதலில் வெறும் நீரில் மண் போக அலசிவிட்டு, பிறகுதான் குளோரின் நீர்.

இவ்வளவு செய்தும் இலைமேல் இருப்பதில் பொதுவாக 90 முதல் 99 சதவீதம்தான் குறையும். ஒரு லட்சம் இருந்த இடத்தில் பத்தாயிரமோ ஆயிரமோ மீதி நிற்கும். வெதுவெதுப்பான சமையலறையில் மணிக்கொரு முறை இரட்டித்தாலே, ஆயிரம் மறுபடி ஒரு லட்சமாக ஏழு மணி நேரம் போதும். பெரிய ஆலைகளில் குளோரினின் முதன்மை வேலை, ஓர் இலையிலிருந்து கழுவும் நீருக்கு வந்தது அடுத்த இலைக்குத் தாவாமல் தடுப்பது.

இங்கேதான் மற்ற இரண்டு வகைகளின் செய்முறைக் குறிப்பு இடறுகிறது. ‘பாத்திரத்தில் 5 நிமிடம் ஊறவிடவும்’ என்கிறார்கள். கொல்லும் சக்தி இல்லாத நீரில் பத்துக் கட்டுக் கீரையை ஒன்றாக ஊறவிட்டால், ஒரு கட்டில் இருந்தது பத்துக்கும் போய்ச் சேரும்.

தக்காளி, மாம்பழம் என்றால் இன்னொரு சிக்கல். வெயிலில் இருந்து வந்த சூடான பழத்தைக் குளிர்ந்த நீரில் முக்கினால் உள்ளிருக்கும் காற்று சுருங்கி, காம்பு இருந்த தழும்பு வழியாக நீரை உறிஞ்சும். நீரில் உள்ள பாக்டீரியாவும் கூடவே போகும். 1999இல் அமெரிக்காவில் மாம்பழத்தால் பரவிய சால்மொனெல்லா நோய்க்கு, பழ ஈயை ஒழிக்க வெந்நீரில் போட்டு உடனே குளிர்நீரில் ஆற்றிய முறையே காரணமாகச் சந்தேகிக்கப்பட்டது. கழுவும் நீர் பழத்தைவிட 5 அல்லது 6 டிகிரி செல்சியஸ் சூடாக இருப்பது நல்லது. எந்தப் பாட்டிலிலாவது நீரின் வெப்பநிலை குறிப்பிட்டிருந்தால் அதை எழுதியவருக்குச் செடியைத் தெரியும் என்று கொள்ளலாம்.

லேபிளில் முளைகட்டிய பயறின் படம் போட்டிருந்தால் அந்தப் பாட்டிலை வாங்காமல் வைத்துவிடுங்கள். விதைத்தோலின் விரிசலில் இருக்கும் சில பாக்டீரியாக்களுக்கு முளைக்கும் ஈரமும் சூடும் கசியும் சத்தும் விருந்து. விதையை 20,000 பிபிஎம் குளோரினில் ஊறவைத்தாலும் முழு உத்தரவாதம் கிடையாது. 2011இல் ஜெர்மனியில் வெந்தய முளையில் வந்த ஈ.கோலை ஓ104:எச்4 ஐம்பதுக்கும் மேற்பட்டோரைக் கொன்றது. வேகவைப்பது ஒன்றே வழி. வலைத்தோல் முலாம்பழத்துக்கும் திரவம் உதவாது. வெட்டுவதற்கு முன் ஓடும் நீரில் கெட்டியான பிரஷால் தேய்க்க வேண்டும். இல்லையென்றால் தோலில் இருப்பதைக் கத்தியே சதைக்குள் கொண்டுபோகும்.

வாங்கலாமா என்றால், மெழுகு பூசிய ஆப்பிளுக்கும் எண்ணெய்ப் பசை படிந்த காய்களுக்கும் முதல் வகையை வாங்கலாம். நன்றாக அலசிவிட வேண்டும். கீரைக்கு வேண்டாம். அழுகல் கண்ட இலைகளை முதலில் கிள்ளி எறியுங்கள், ஏனென்றால் இலையை அழுகவைக்கும் மென்னழுகல் பாக்டீரியா செல்சுவரைக் கரைத்த இடத்தில் சால்மொனெல்லா பல மடங்கு பெருகும். பிறகு முழு இலையாகவே, ஒவ்வொன்றாக ஓடும் நீரில் விரலால் தேய்த்து, சுத்தமான துணியில் ஈரம் போக ஒற்றுங்கள். நறுக்குவது அதற்குப் பிறகுதான். வெட்டிய விளிம்பில் கசியும் சாறு பாக்டீரியாவுக்கு உணவு, ஒட்டிக்கொள்ளவும் அந்த விளிம்புதான் வசதி. லெட்யூஸின் இளம் உள்ளிலைகளை அதிகம் நம்பவும் வேண்டாம். நடுவயது இலைகளைவிட அவற்றில் ஈ.கோலையும் சால்மொனெல்லாவும் சுமார் 10 மடங்கு வளர்ந்தது ஆய்வில் தெரிந்தது, இளம் இலைகளில் நைட்ரஜன் சத்து அதிகம். நறுக்கியதை உடனே 5 டிகிரிக்குக் கீழே வைத்தால் இவை இரண்டும் அடங்கும். லிஸ்டீரியா என்ற இன்னொரு நோய்ப் பாக்டீரியா மட்டும் அந்தக் குளிரிலும் மெல்ல வளரும், அதனால் நறுக்கிய கீரையை நாள்கணக்கில் வைக்க வேண்டாம்.