20 வருஷமா தூங்குன காரை வீட்லயே எழுப்பணும்னா எம்ஜிபியா, ஸ்பிட்ஃபயரா? ரெண்டுலயும் கை வெச்ச அனுபவம்

நான் இருக்கறது இங்கிலாந்துல கவென்ட்ரில. வீட்டுக்குப் பின்னாடி ஒரே ஒரு கார் நிக்கிற அளவு கேரேஜ், கூரையும் தாழ்வு. பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார் ஒண்ணு வாங்கி நானே ரெடி பண்ணணும்னு ரொம்ப நாள் ஆசை. தேடுனப்ப கடைசில ரெண்டு கார் தேறுச்சு. ஒண்ணு 1972 ட்ரையம்ஃப் ஸ்பிட்ஃபயர் மார்க் 4, இன்னொண்ணு 1973 எம்ஜிபி ஜிடி. ரெண்டுமே 20 வருஷத்துக்கு மேல ஓடாம ஷெட்டுக்குள்ள கெடந்தது. நான் ஸ்பிட்ஃபயர எடுத்தேன், எம்ஜிபிய என்கூட வேலை செய்யற மதுரைக்கார நண்பர் எடுத்துக்கிட்டார். வார வாரம் மாத்தி மாத்தி ஒருத்தருக்கொருத்தர் கை குடுத்ததுல ரெண்டு கார் வயித்துக்குள்ளயும் என்ன இருக்குன்னு பாத்தாச்சு.

எல்லாருக்கும் தெரிஞ்சத சட்டுனு சொல்லிடறேன். ரெண்டு மாடலும் 1962ல வந்து 1980ல நின்னு போச்சு. எம்ஜிபி அபிங்டன்ல செஞ்சது, ஸ்பிட்ஃபயர் இதே கவென்ட்ரில கேன்லி ஃபேக்டரில செஞ்சது. எம்ஜிபில 1798 சிசி இன்ஜின், நல்ல இழுவை, நெடுஞ்சாலைல நிம்மதியா போகும். என்னோடது 1296 சிசி, சின்ன இன்ஜின், ஆனா வண்டியும் லேசு. ரெண்டுக்கும் 40 வயசு தாண்டிட்டதால இங்க ரோடு டாக்ஸ் கெடையாது, எம்ஓடி டெஸ்ட்டும் (வண்டி ரோட்ல ஓட பாதுகாப்பா இருக்கான்னு வருஷா வருஷம் பாக்கற சோதனை) கட்டாயம் இல்ல (ஆனா 20 வருஷம் நின்ன வண்டிய டெஸ்ட் பண்ணாம ரோட்ல எறக்காதீங்க, நாங்க ரெண்டு பேருமே காசு கட்டி பண்ணிக்கிட்டோம்). ஸ்பேர் பார்ட்ஸ் ரெண்டுக்குமே தபால்ல வீட்டுக்கு வரும். எம்ஜிபிக்கு முழு பாடிஷெல்லே புதுசா செஞ்சு விக்கிறாங்க, அந்த விஷயத்துல எம்ஜிபிய யாரும் அடிச்சுக்க முடியாது.

ஸ்பிட்ஃபயர் பக்கம் என் மனசு சாஞ்சதுக்கு ஒரு சொந்த காரணமும் இருக்கு, மறைக்க விரும்பல. பெரியப்பா மெட்ராஸ்ல ஸ்டாண்டர்ட் ஹெரால்டு வெச்சிருந்தார். அந்த ஹெரால்டு ட்ரையம்ஃப் ஹெரால்டோட இந்திய அவதாரம், 1961ல இருந்து மெட்ராஸ்லயே செஞ்சாங்க, நாலு கதவு வெச்ச ஹெரால்டு இந்தியால மட்டும்தான் வந்துச்சு. ஸ்பிட்ஃபயரோட சேசிஸ் அதே ஹெரால்டு சேசிஸ சுருக்குனதுதான், ரெண்டையும் வரைஞ்சதும் அதே இத்தாலிக்காரர் மிக்கெலோட்டி. மூக்கு, மட்கார்ட், லைட்டு எல்லாம் சேத்து மொத்த முன்பக்கமும் அப்படியே முன்னாடி சாயுமே, பெரியப்பா முன் டயர் மேல உக்காந்துக்கிட்டு பிளக் தொடைப்பார், நான் பக்கத்துல துணி பிடிச்சிக்கிட்டு நிப்பேன். இப்ப அதே மாதிரி டயர் மேல உக்காந்துதான் கார்புரேட்டர் கழட்டுனேன். எம்ஜிபில பானட்டுக்குள்ள தலைய விட்டு குனிஞ்சுதான் வேலை செய்யணும், ரெண்டு மணி நேரத்துல நண்பருக்கு இடுப்பு விட்டுப் போயிடும்.

ஆனா பாசத்த வெச்சு மட்டும் முடிவு பண்ணல. முடிவு பண்ண வெச்சது கிளட்ச்.

ரொம்ப நாள் நின்ன வண்டின்னா எல்லாரும் இன்ஜின் ஜாம் ஆயிருக்குமோன்னு பயப்படுவாங்க. அது பெரும்பாலும் சமாளிக்கக் கூடியதுதான், பிளக் எல்லாம் கழட்டி சிலிண்டருக்குள்ள கொஞ்சம் எண்ணெய் விட்டு ரெண்டு நாள் ஊற விட்டு, கிராங்க் புல்லில ஸ்பானர் போட்டு கையால மெதுவா திருப்புனா ரெண்டு இன்ஜினும் திரும்பிடுச்சு. அப்புறம் பழைய ஆயில எறக்கிட்டு புதுசு ஊத்தி, பிளக் போடாமயே ஸ்டார்ட்டர்ல சுத்த விட்டு ஆயில் பிரஷர் வந்ததுக்கப்புறம்தான் பெட்ரோலே காட்டுனோம். இது ரெண்டுக்கும் பொது. மாட்டறது எங்கன்னா கிளட்ச் பிளேட் ஃபிளைவீலோட (இன்ஜினோட சேந்து சுத்தற கனமான சக்கரம்) துருப்பிடிச்சு ஒட்டிக்கிறதுல. பெடல மிதிச்சா மிதியும், ஆனா கிளட்ச் விடாது, கியர் விழாது. ஈரமான ஊர்ல வருஷக்கணக்கா நின்ன வண்டில இது சாதாரணம், எங்க ரெண்டு வண்டிலயும் இருந்துச்சு. ரெண்டுலயும் முதல்ல பெடல் மிதிய கிளட்சுக்கு கொண்டு போற மாஸ்டர் சிலிண்டரும் ஸ்லேவ் சிலிண்டரும் புதுசா போட்டு, பெடல் கீழயே நிக்கற மாதிரி சீட்டுக்கும் பெடலுக்கும் நடுவுல கட்டை முட்டுக் குடுத்து ஒரு வாரம் விட்டோம், அப்புறம் இன்ஜின சூடாக்கி, பின் சக்கரத்த ஸ்டாண்டுல தூக்கி வெச்சு, கியர்ல போட்டு ஸ்டார்ட் பண்ணி பெடல மிதிச்சுக்கிட்டே திடீர் திடீர்னு பிரேக் அடிச்சுப் பாத்தோம். ரெண்டுமே விடல. வேற வழியில்ல, உள்ள போய்த்தான் ஆகணும்.

இங்கதான் ரெண்டு காரும் தனித்தனி வழிக்குப் போகுது. எம்ஜிபில கிளட்ச தொடணும்னா இன்ஜின வெளிய எடுக்கணும், நாங்க கியர்பாக்ஸோட சேத்தே எடுத்தோம். பானட்ட கழட்டணும், ரேடியேட்டர கழட்டணும், இன்ஜின தூக்கற ஹாய்ஸ்ட் வாடகைக்கு கொண்டு வரணும், நீளமான அந்த மொத்தத்தையும் வால் கீழ தொங்க சாய்ச்சு மேல தூக்கணும். அதுக்கு கூரை உயரம் வேணும், முன்னாடி ஹாய்ஸ்ட் நிக்க எடமும் வேணும். நண்பர் கேரேஜும் என்னோடது மாதிரியே சின்னதுதான், அதனால வண்டிய வாசலுக்கு தள்ளி தூறல்ல தார்ப்பாய் கட்டி செஞ்சோம், எடுக்க ஒரு சனி ஞாயிறு முழுசா போச்சு, திருப்பி மாட்ட இன்னொரு சனி ஞாயிறு.

ஸ்பிட்ஃபயர்ல கியர்பாக்ஸ் காருக்குள்ள இருந்தே வெளிய வரும். சீட்டு ரெண்டையும் எடு, கார்ப்பெட்ட எடு, டேஷ்போர்டுக்கு கீழ இருக்கற தாங்கிய கழட்டு, டன்னல் மூடி வெறும் ஸ்க்ரூல நிக்குது, அத எடுத்தா மொத்த கியர்பாக்ஸும் கண்ணு முன்னாடி. இன்ஜினுக்கு கீழ ஜாக்கி முட்டுக் குடுத்துட்டு, ப்ராப்ஷாஃப்ட் போல்ட், பெல்ஹவுசிங் போல்ட்னு ஒண்ணொண்ணா கழட்டி பின்னாடி இழுத்து, ரெண்டு பேர் தூக்கி கதவு வழியா எறக்குனோம். காலைல ஆரம்பிச்சு சாயங்காலம் டீக்கு முன்னாடி புது பிளேட் உக்காந்துடுச்சு. கூரையும் தடுக்கல, மழையும் தடுக்கல. வீட்லயே செய்யணும், சின்ன எடம், வாரத்துக்கு ஒரு நாள்தான் நேரம்னு இருக்கறவங்களுக்கு இத விட பெரிய வித்தியாசம் இந்த ரெண்டு காருக்கும் நடுவுல எதுவுமே கெடையாதுன்னு நான் அடிச்சு சொல்லுவேன். இன்ஜின் எவ்ளோ குதிரை சக்தின்னு பாக்கறதுக்கு முன்னாடி கிளட்ச எந்த வழியா எடுக்கறதுன்னு பாருங்க.

பெட்ரோல் டேங்க்லயும் இதே கதைதான். எம்ஜிபில டேங்க் டிக்கிக்கு அடில வெளிய தொங்குது, டேங்குக்கும் டிக்கியோட அடித்தகட்டுக்கும் நடுவுல சேறு தங்கி மேல்பக்கம்தான் துரு தின்னும், கீழ இருந்து பாத்தா நல்லா இருக்கற மாதிரியே தெரியும். ஸ்பிட்ஃபயர் டேங்க் டிக்கிக்குள்ள காஞ்ச எடத்துல இருக்கு, என்னோடத கழுவி திரும்ப மாட்டிட்டேன், நண்பர் புதுசு வாங்குனார். ரப்பர் ஹோஸ் மட்டும் ரெண்டுலயும் கண்ண மூடிக்கிட்டு மாத்திடுங்க, இப்ப பங்க்ல சாதாரணமா கெடைக்கறது எத்தனால் கலந்த இ10 பெட்ரோல், பழைய ரப்பர அரிச்சிடும்.

சரி, ஸ்பிட்ஃபயர்ல குறையே இல்லையான்னா இருக்கு, அதுல ஒண்ணு ஆபத்தானது. முன் சக்கரத்துக்கு கீழ ட்ரன்னியன்னு ஒரு பாகம், அதுக்கு கிரீஸ் கூடாது, கெட்டியான ஈபி90 கியர் ஆயில்தான் விடணும். வருஷக்கணக்கா ஆயில் இல்லாம நின்னிருந்தா உள்ள திருகு துரு ஏறி, ஒரு நாள் ஓடும்போதே ஒடிஞ்சு சக்கரம் மடங்கிடும். நான் நல்லா இருக்கா இல்லையான்னு பாக்கவே இல்ல, ரெண்டு பக்கமும் புதுசு போட்டுட்டுதான் வண்டிய நகத்துனேன். பின் சக்கர பேரிங் கழட்ட தனி புல்லர் வேணும், அத மட்டும் ஒர்க்‌ஷாப்புக்கு குடுத்தேன்.

துரு விஷயத்துல "ஸ்பிட்ஃபயருக்கு தனி சேசிஸ் இருக்கு, பாடி போனாலும் பரவால்ல"ன்னு சிலர் சொல்றத நம்பாதீங்க. ஹெரால்டுல சேசிஸுக்கு ரெண்டு பக்கமும் வெளிச் சட்டம் உண்டு, ஸ்பிட்ஃபயர்ல அத எடுத்துட்டாங்க, அதனால கதவுக்கு கீழ நீளமா ஓடற 'சில்'ங்கற தகட்டுப் பெட்டிதான் அந்த பாரத்த தாங்குது. எம்ஜிபி மோனோகாக், அதாவது தனி சேசிஸ் இல்லாம பாடியே எல்லா பாரத்தையும் தாங்கற அமைப்பு, அதுலயும் இந்த சில்தான் உயிர். ரெண்டுலயும் ஜாக்கி போட்டு தூக்கும்போது கதவு இடுக்கு மாறுதான்னு பாருங்க, மாறுனா வெல்டிங் செலவு கார் வெலைய தாண்டிடும். என்னோடதுல ஃப்ளோர்ல ரெண்டு ஒட்டுதான் வேண்டியிருந்துச்சு, அதனால முழு சில் மாத்தறதுல எது சுலபம்னு என் கையனுபவத்துல சொல்ல முடியல.

விக்கும்போது எம்ஜிபிக்கு ஆள் சீக்கிரம் கெடைப்பாங்கன்னு தோணுது, நான் விக்கப் போறதில்ல. ஓட்டறதுலயும் எம்ஜிபிய நான் ஒரு பத்து மைல்தான் ஓட்டிருக்கேன், ஸ்டியரிங் கனம், ஆனா சவாரி கெட்டியா இருந்துச்சு, குழந்தைகள பின்னாடி வெச்சு தூரம் போகணும்னா ஜிடிதான் சரி. உயரமான கேரேஜும் ஹாய்ஸ்ட்டும் இருக்கறவங்களுக்கு நான் எம்ஜிபிய வேணாம்னு சொல்ல மாட்டேன்.

என் ஸ்பிட்ஃபயர் மார்ச்ல எம்ஓடி பாஸ் ஆச்சு. முதல் ஓட்டமே கேன்லி பக்கம்தான் போனேன், அந்த ஃபேக்டரி இப்ப இல்ல. ரோட்டு ஓரமா நிறுத்தி முன்பக்கத்த தெறந்து வெச்சு போட்டோ எடுத்து பெரியப்பாவுக்கு அனுப்புனேன். அவர் உடனே போன் பண்ணி கேட்டது ஒண்ணுதான்: "ட்ரன்னியனுக்கு ஆயில் விட்டியாப்பா?"