இன்டர்நெட் எக்ஸ்புளோரர்: ஓய்வு பெற்றும் விண்டோஸை விட்டு நீங்காத உலாவி

இன்டர்நெட் எக்ஸ்புளோரர் உலாவிக்கு மைக்ரோசாஃப்ட் நிறுவனம் 2022 ஜூன் 15 அன்று ஓய்வு கொடுத்தது. அத்தோடு அதன் தொல்லையும் தீர்ந்தது என்று நம்மில் பலர் எண்ணிக்கொண்டோம். ஆனால் இன்று புதிதாக வாங்கும் விண்டோஸ் 11 கணினியிலும், பக்கங்களைப் படித்துக் காட்டுகிற அதன் உட்பகுதியான எம்எஸ்எச்டிஎம்எல் அப்படியே இருக்கிறது. மைக்ரோசாஃப்டின் இன்றைய உலாவியான எட்ஜுக்குள், பழைய தளங்களைத் திறப்பதற்கான ‘ஐஇ மோட்’ என்ற பெயரில் அது குறைந்தது 2029 வரை தொடரும் என்று மைக்ரோசாஃப்டே அறிவித்திருக்கிறது. ஆகவே இதை இன்றும் நம் மேசைமேல் இருக்கிற ஒரு பொருளாகவே கொண்டு, பாதுகாப்பு என்ற ஒரே கோணத்தில் இங்கே மதிப்பிடுகிறேன்.

2001இல் விண்டோஸ் எக்ஸ்பியோடு சேர்ந்து வந்த ஆறாம் பதிப்பு, போட்டியே இல்லாத நிலையில் உலகின் பெரும்பாலான கணினிகளைப் பிடித்துக்கொண்டது. அடுத்த பதிப்பு வருவதற்கு 2006 அக்டோபர் ஆகிவிட்டது. உலாவியை இயங்குதளத்தோடு பிரிக்க முடியாதபடி பிணைத்ததும், இணையப் பக்கம் ஒன்று கணினியில் நேரடியாக நிரல்களை இயக்க வழிசெய்யும் ஆக்டிவ்எக்ஸ் நுட்பத்தைத் தாராளமாகத் திறந்துவிட்டதும்தான் இதன் அடிப்படைப் பிழைகள் என்பது என் கருத்து. மற்ற பிழைகளில் பெரும்பாலானவை இவற்றிலிருந்தே கிளைத்தன. 2004இல் வந்த எக்ஸ்பி சர்வீஸ் பேக் 2 என்ற மேம்படுத்தல், கேட்காமல் திறக்கும் சாளரங்களையும் தானே நிறுவிக்கொள்ளும் ஆக்டிவ்எக்ஸ் நிரல்களையும் ஓரளவு கட்டுப்படுத்தியது; அது நல்ல வேலை என்பதைச் சொல்லியே ஆக வேண்டும்.

மூலநிரலை மற்றவர் பார்க்கவோ திருத்தவோ முடியாதபடி மூடிவைத்த இதுபோன்ற ஒரு பொருளில் ஓட்டை இருப்பது தெரிந்தால் அதை அடைக்கும் அதிகாரம் தயாரித்தவர் ஒருவரிடம் மட்டுமே இருக்கிறது. அவர் தாமதித்தால் பயன்படுத்துபவர் காத்திருக்க வேண்டியதுதான். 2010 ஜனவரியில் கூகுள் வெளிப்படுத்திய ‘ஆபரேஷன் அரோரா’ தாக்குதல் இதற்குச் சரியான சான்று. கூகுளோடு குறைந்தது இருபது பெரிய நிறுவனங்கள் குறிவைக்கப்பட்ட அந்தத் தாக்குதலில் பயன்பட்டது இந்த உலாவியின் ஓர் ஓட்டை. நினைவகத்திலிருந்து நீக்கப்பட்டுவிட்ட ஒரு பொருளை உலாவி மறுபடியும் தொட முயலும். காலியான அந்த இடத்தில் தாக்குபவர் தன் நிரலை முன்கூட்டியே நிரப்பி வைத்திருப்பார். உலாவி அதையே இயக்கிவிடும். ஒரு பக்கத்தைத் திறந்தாலே போதும். ஜெர்மனி, பிரான்ஸ் நாடுகளின் அரசுப் பாதுகாப்பு அமைப்புகள், திருத்தம் வரும்வரை வேறு உலாவியைப் பயன்படுத்துமாறு மக்களுக்கு அறிவுறுத்தின. ஜனவரி 21 அன்று அவசரத் திருத்தம் வெளிவந்தது. ஆனால் அந்த ஓட்டை முந்தைய செப்டம்பரிலேயே தமக்குத் தெரிவிக்கப்பட்டிருந்தது என்பதை மைக்ரோசாஃப்ட் ஒப்புக்கொண்டது. அந்த நான்கு மாதங்களை என்னால் எளிதில் மன்னிக்க முடியவில்லை.

பழைய கதை என்று இதை ஒதுக்கிவிட முடியாது. ஓய்வு பெற்ற பிறகும் இந்த உலாவி தாக்குதலுக்குப் பயன்பட்ட விதத்தைக் கணினிப் பாதுகாப்பு நிறுவனமான செக் பாயின்ட்டின் ஆய்வாளர்கள் 2024 ஜூலையில் வெளியிட்டார்கள். பயனருக்கு வந்துசேரும் கோப்பின் பெயரும் சின்னமும் பிடிஎஃப் போலவே இருக்கும். உண்மையில் அது ‘.url’ என்று முடியும் குறுக்குவழிக் கோப்பு. கோப்பு நீட்சிகளை, அதாவது கோப்பின் வகையைச் சொல்லும் பெயர்க் கடைசிகளை, காட்டும்படி விண்டோஸில் அமைத்திருந்தாலும் இந்த ஒரு நீட்சியை அது காட்டாது. சின்னத்தின் ஓரத்தில் உள்ள சிறிய அம்புக்குறி மட்டுமே அடையாளம். அதைச் சொடுக்கினால், உள்ளே முகவரியின் முன் எழுதப்பட்ட ‘mhtml’ என்ற சொல்லின் காரணமாக, எட்ஜுக்கோ குரோமுக்கோ போகாமல் பழைய இன்டர்நெட் எக்ஸ்புளோரர் திறந்துகொள்ளும். அது ‘பிடிஎஃப்’ ஒன்றைத் திறக்கலாமா என்று கேட்கும். அந்தப் பெயரின் கடைசியில், கண்ணுக்குத் தெரியாத எழுத்துகளுக்கு அப்பால், கணினியில் நிரலாகவே இயங்கும் கோப்பைக் குறிக்கும் ‘.hta’ என்ற ஆபத்தான நீட்சி ஒளிந்திருக்கும். சம்மதம் சொன்னால் கணினி பறிபோகும். திருத்தம் வருவதற்கு ஒன்றரை ஆண்டுக்கு முன்பிருந்தே, அதாவது 2023 ஜனவரியிலிருந்தே, இந்த உத்தி புழக்கத்தில் இருந்திருக்கிறது. பயனர் வழக்கமான வழியில் தேடித் திறக்க முடியாத ஓர் உலாவியைத் தாக்குபவர் திறக்க முடிகிறது என்றால், அதை ஓய்வு பெற்றது என்று எப்படி அழைப்பது?

2024இல் தென்கொரியாவில் நடந்தது இன்னும் கவலை தருவது. இலவச மென்பொருள்களோடு வந்து திரையின் மூலையில் விளம்பரம் காட்டும் ஒரு நிரல், விளம்பரத்தைக் காட்டுவதற்கு இந்த உலாவியின் பழைய உட்பகுதியையே பயன்படுத்தியது. தாக்குபவர்கள் விளம்பரம் வரும் வழங்கியை (சர்வரை) கைப்பற்றினார்கள். பயனர் எதையும் சொடுக்காமலேயே தீம்பொருள் உள்ளே நுழைந்தது. திருத்தம் 2024 ஆகஸ்டில் வந்தது.

இன்றைய நிலையில் என் மதிப்பீடு இதுதான்: பழைய அலுவலக மென்பொருள்கள் நின்றுவிடக் கூடாது என்ற அக்கறை நியாயமானது. ஆனால் அந்தத் தேவையே இல்லாத கோடிக்கணக்கான வீட்டுக் கணினிகளிலும் இதை விட்டுவைத்திருப்பது நியாயமன்று. 2025இல், ஏமாற்றுப் பக்கங்கள் பயனர்களை ‘ஐஇ மோட்’டுக்கு மாறச் சொல்லித் தாக்குவது தெரிந்த பிறகு, அந்த முறைக்கு எளிதில் மாற உதவிய பொத்தானையும் பட்டியல் வழிகளையும் எட்ஜிலிருந்து மைக்ரோசாஃப்ட் நீக்கியது. சரியான முடிவு; சில ஆண்டுகளுக்கு முன்பே எடுத்திருக்க வேண்டும்.

வீட்டுப் பயனர்கள் எட்ஜின் அமைப்புகளில் ‘இயல்புநிலை உலாவி’ பகுதிக்குச் சென்று, தளங்களை ‘ஐஇ மோட்’டில் மறுபடி திறக்கும் அனுமதியை மறுத்துவிடலாம். பிடிஎஃப் போலத் தோன்றும் கோப்பின் சின்னத்தின் மேல் அம்புக்குறி தெரிந்தால் தொட வேண்டாம். விண்டோஸ் 10 வைத்திருப்பவர்கள் ஒன்றை முக்கியமாகக் கவனிக்க வேண்டும். அதற்கான இலவசப் பாதுகாப்புத் திருத்தங்கள் 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டன. நீட்டிக்கப்பட்ட திருத்தத் திட்டத்தில் சேராத கணினியில், இந்தப் பழைய உலாவியின் உட்பகுதியில் இனி கண்டுபிடிக்கப்படும் எந்த ஓட்டையும் அடைபடாது. வேறு உலாவியைப் பயன்படுத்துகிறேன் என்பது இதற்கு விடையாகாது. ஏனெனில் மேலே சொன்னவற்றில் 2024இல் வெளிவந்த இரண்டு தாக்குதல்களும் பயனர் எந்த உலாவியை விரும்புகிறார் என்று பார்க்கவில்லை. பழைய தளம் ஒன்றுக்காக ‘ஐஇ மோட்’ கட்டாயம் வேண்டும் என்னும் அலுவலகங்கள், அந்தத் தளத்தின் முகவரிக்கு மட்டும் அதை அனுமதித்து, மின்னஞ்சல் பார்க்காத தனிக் கணினி ஒன்றில் அந்த வேலையை வைத்துக்கொள்வது நல்லது.