"லொக் விழுந்திட்டுது" என்று சொல்லி என்னிடம் 21,500 ரூபா வாங்கிய கடை

யாழ்ப்பாணத்தில் லினக்ஸ் போட்ட கணினியை ரிப்பெயருக்குக் கொடுக்கப் போகிறவர்கள் இதை ஒருக்கால் வாசித்துவிட்டுக் கொடுங்கள். கடையின் பெயர் போடவில்லை, தனியாகக் கேட்டாலும் சொல்ல மாட்டேன். நகருக்குள் இருக்கிற கடை, அவ்வளவுதான்.

கொக்குவில் பக்கம் சின்னதாக ஒரு ரியூசன் நிலையம் நடத்துகிறேன், உயர்தரம் கணிதப் பிரிவு. இரண்டு பழைய டெஸ்க்டொப், இரண்டிலும் டெபியன் என்ற லினக்ஸ். கனடாவுக்குப் போக முதல் அக்காவின் மகன் போட்டுத் தந்தவன். பிள்ளைகளின் வரவு, கட்டணக் கணக்கு, ஒன்பது வருடமாக நானே இருந்து தட்டின மாதிரி வினாத்தாள்கள் எல்லாம் முதலாவது மெஷினில். வகுப்பு வீடியோக்களுக்கு மட்டும் மெஷினுக்கொரு கறுப்பு யூஎஸ்பி டிஸ்க் பின்னால் எப்போதும் செருகியபடியே இருக்கும். வினாத்தாள்களுக்கு வேறு பிரதி இல்லை. ஏன் எடுத்து வைக்கவில்லை என்று ஒருவரும் கேட்க வேண்டாம், வீட்டில் போதுமான அளவு கேட்டாயிற்று.

ஒரு வியாழன் இரவு முதலாவது மெஷினின் கறுப்பு டிஸ்க்கைக் கழற்றி வீட்டுக்குக் கொண்டுபோனேன். வெள்ளி காலை மெஷினைப் போட்டால் ஒன்றரை நிமிடம் சும்மா நின்றது. பிறகு கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்து: எமர்ஜென்சி மோட், ரூட் கணக்கு (மெஷினில் எல்லா அதிகாரமும் உள்ள கணக்கு) பூட்டப்பட்டிருக்கிறது, தொடர என்டரை அழுத்து. அழுத்தினால் திரும்பவும் அதே வரி. பத்துத் தரம் அழுத்தியிருப்பேன். ரொறன்ரோவில் அப்போது நடுச்சாமம் நெருங்குகிற நேரம், வேலைக்குப் போகிற பெடியனை எழுப்ப மனம் வரவில்லை. அந்தத் தயக்கம்தான் எனக்கு 21,500 ரூபா.

கடைக்காரர் திரையை ஒரு பார்வை பார்த்தார். "அண்ணை, இது லொக் விழுந்திட்டுது. ஆரோ உள்ளுக்கை பூந்திருக்கினம். ஹார்ட் டிஸ்க்கும் சரியில்லைப் போல. டேட்டா எடுக்கிறதெண்டால் அதுக்குத் தனிக் காசு. இந்த லினக்ஸ் எல்லாம் இப்ப ஆர் பாவிக்கினம்? விண்டோஸ் போட்டுத் தாறன்." பூட்டப்பட்டிருக்கிறது என்று திரையே சொல்கிறது, நானும் நம்பிவிட்டேன். சர்வீஸுக்கு 6,500, டேட்டா ரிகவரிக்கு 15,000. ஐந்து நாள் கழித்து விண்டோஸ் போட்ட மெஷினும் ஒரு பென் டிரைவும் கையில் தந்தார்.

பென் டிரைவைத் திறந்தால் ரெக்கப் டிர் 1, 2, 3 என்று கோப்புறைகள். உள்ளே ஒரு கோப்புக்கும் பெயர் இல்லை. எப் என்ற எழுத்து, பின்னால் ஏழெட்டு இலக்கம். "2019 இரண்டாம் தவணை இணைந்த கணிதம்" என்று நான் வைத்த பெயர்கள் எங்கே போயின என்று கேட்டதற்கு, "ஹார்ட் டிஸ்க் செத்தால் அப்பிடித்தான் அண்ணை" என்றார்.

அன்றிரவு மருமகனுக்குப் படம் பிடித்து அனுப்பினேன். பார்த்துவிட்டு உடனே அழைத்தான். இது போட்டோரெக் என்ற இலவச மென்பொருளின் வேலையாம். அது கோப்பு முறைமையைப் பார்க்காமல் டிஸ்க்கில் கிடக்கிற தரவை நேராகத் துழாவி எடுக்கும், அதனால்தான் பெயர் வராது. டிஸ்க் அப்படியே இருந்திருந்தால் பெயரோடு சாதாரணமாகப் பிரதி எடுத்திருக்கலாம். லினக்ஸ் பாவிக்கிற எக்ஸ்ட்4 கோப்பு முறைமையை விண்டோஸுக்கு வாசிக்கத் தெரியாது, அப்படியான டிஸ்க்கைச் செருகினால் போர்மட் பண்ணட்டா என்று கேட்கும். "மாமா, அந்த ஆள் ஓம் எண்டு அழுத்தியிருப்பார். இல்லாட்டி விண்டோஸை மேலாலை போட்டிட்டுப் பிறகு தேடியிருப்பார்." எதுவானாலும், தானே அழித்ததைத் தோண்டி எடுத்துத் தருவதற்குத்தான் என்னிடம் 15,000 வாங்கியிருக்கிறார்.

பிறகு அவன் கேட்ட ஒரே கேள்வி, "அந்தக் கறுப்பு டிஸ்க்கைக் கழட்டினீங்களோ?"

நம்பிக்கை வராவிட்டால் இரண்டாவது மெஷினில் செய்து பாருங்கள் என்றான். டிஸ்க்கைக் கழற்றிவிட்டுப் போட்டேன். அதே ஒன்றரை நிமிடம், அதே வெள்ளை எழுத்து! எப்எஸ்டேப் என்ற கோப்பில் அந்த டிஸ்க்கும் ஒரு வரியாக எழுதியிருக்கிறதாம், அது இல்லையென்றால் மெஷினை ஏற்றுகிற சிஸ்டம்டி என்ற நிரல் 90 செக்கன் பார்த்துவிட்டு எமர்ஜென்சிக்குப் போய்விடும். ரூட் பூட்டியிருப்பதும் ஒருவரும் பூந்ததால் இல்லை. டெபியன் போடும்போது ரூட்டுக்குப் பாஸ்வேர்ட் கொடுக்காமல் விட்டால் அந்தக் கணக்கு பூட்டியேதான் இருக்கும். அதனால் மெனுவில் இருக்கிற ரிகவரி மோடும், அதாவது சிங்கிள் என்று போட்டு ஏறுவதும், அதே இடத்தில்தான் போய் முட்டும் என்றான்.

அடுத்ததை வாட்ஸ்அப்பில் சொல்லச் சொல்லச் செய்தேன். மெஷினைப் போட்டதும் கிரப்பின், அதாவது லினக்ஸை ஏற்றிவிடுகிற நிரலின், நீல மெனு ஐந்து செக்கன் நிற்கும், அதற்குள் அம்புக்குறியை அழுத்தினால் எண்ணுவது நின்றுவிடும். டெபியன் வரியில் வைத்துச் சின்ன ஈ. லினக்ஸ் என்று தொடங்குகிற நீள வரியின் கடைசிக்குப் போக வேண்டும், அங்கே குவயட் என்று இருக்கும். "ஒரு இடைவெளி விட்டு இனிட், சமன், சாய்கோடு, பின், சாய்கோடு, பாஷ். பின் எண்டால் பி ஐ என், மாமா." பிறகு கொன்ட்ரோலும் எக்ஸும். சில செக்கனில் பாஸ்வேர்ட் எதுவும் கேட்காமல் ரூட்டாக உள்ளே நிற்கிறேன்! இப்படி மாற்றுவது அந்த ஒரு தரத்துக்கு மட்டும்தான், ரீஸ்டார்ட் பண்ணினால் பழையபடி. வாசிக்க மட்டும் திறந்திருக்கிற டிஸ்க்கை மவுண்ட் கட்டளையில் ரீமவுண்ட், ஆர்டபிள்யூ என்று போட்டு எழுதவும் விட வேண்டும், எனக்கு அதுதான் இரண்டு தரம் பிழைத்தது. பிறகு நானோ என்ற எழுத்துத் திருத்தியில் அந்த எப்எஸ்டேப் கோப்பைத் திறந்து, கறுப்பு டிஸ்க்கின் வரியில் நோபெயில் (இல்லாவிட்டாலும் நிற்காமல் ஏறு) என்ற சொல்லைச் சேர்த்து, சேமித்து, சிங்க், பிறகு ரீபூட், இடைவெளி, சிறுகோடு, எப். கறுப்பு டிஸ்க் இல்லாமலே மெஷின் வழமைபோல ஏறியது. எனக்கே கால் மணித்தியாலம்தான் எடுத்தது, நான் கணினி படித்தவனும் இல்லை.

ஆகவே லினக்ஸ் மெஷின் என்றால் கொடுக்க முதல், கிரப்பில் ஈ அழுத்தி இனிட் வரியில் பாஷ் போட்டு ஏற்றிப் பார்க்கத் தெரியுமா என்று கடைக்காரரிடம் கேளுங்கள். முழிக்கிறாரா, தூக்கிக்கொண்டு வந்துவிடுங்கள். போர்மட் பண்ணக்கூடாது என்று எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். இன்னொன்றும் அன்றைக்குத்தான் உறைத்தது: நான் பாஸ்வேர்ட் இல்லாமல் உள்ளே போனது போல மெஷின் கையில் கிடைத்த எவரும் போகலாம், லக்ஸ் போட்டு டிஸ்க்கையே மறையாக்கம் செய்திருந்தால் ஒழிய. பிள்ளைகளின் பெற்றோர் தொலைபேசி இலக்கம் எல்லாம் அதற்குள் இருக்க, ஐந்து நாள் கடையில் கிடந்திருக்கிறது.

திரும்பப் போய்க் கேட்டேன். "செத்த டிஸ்க்கிலை இருந்து எடுத்துத் தந்ததுக்கு நன்றி சொல்லோணும் அண்ணை" என்றார். அந்தச் செத்த டிஸ்க்கில்தான் அவர் போட்ட விண்டோஸ் இப்போது ஓடிக்கொண்டிருக்கிறது. அதைச் சொன்னதும் அடுத்த வாடிக்கையாளரோடு கதைக்கத் தொடங்கிவிட்டார். காசு கட்டின அன்று பற்றுச்சீட்டும் கேட்காமல் விட்டேன். கேட்டால் கொடுத்தாக வேண்டும் என்பது 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கப் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டத்தில் இருக்கிறது. அந்தச் சபையின் 1977 என்ற இலக்கத்துக்கு அழைக்கலாம் என்பதும் பிறகுதான் நினைவுக்கு வந்தது.

பென் டிரைவில் 2,300 கோப்புக்கு மேல். இரவில் வகுப்பு முடிந்ததும் இருந்து ஒவ்வொன்றாகத் திறந்து பெயர் வைக்கிறேன். நேற்று 412ஆவது. திறந்தால் ஏதோ ஒரு வருடத்துக் கட்டணக் கணக்கின் பின்பாதி மட்டும்.