வேட்டை லைசென்ஸ் என்று யாராவது வந்தால் பணம் கொடுத்துவிடாதீர்கள்

கொடைக்கானல் மேல்மலையில் பூம்பாறை, மன்னவனூர், கூக்கால் பக்கம் விவசாயம் பார்க்கிறவர்கள் இதைக் கட்டாயம் படியுங்கள்.

காட்டுப்பன்றி சுட லைசென்ஸ் எடுத்துத் தருவதாகச் சொல்லி என் சித்தப்பாவிடம் ஒரு ஏஜென்ட் 12,000 ரூபாய் வாங்கிக்கொண்டு போய்விட்டான். பூண்டையும் உருளைக்கிழங்கையும் பன்றிகள் ராத்திரியோடு ராத்திரியாகக் கிளறிப் போட்டிருந்த நேரம். மனுஷன் நொந்துபோய் உட்கார்ந்திருக்கும்போது பார்த்து வந்திருக்கிறான். "மீன் பிடிக்க லைசென்ஸ் தர்றாங்கல்ல, பன்றிக்குத் தர மாட்டாங்களா? பட்டா உங்க பேர்ல இருக்கணும், 18 வயசு முடிஞ்சிருக்கணும், அவ்வளவுதான்" என்று சொன்னானாம்.

பத்து நாளில் லேமினேஷன் போட்ட அட்டை ஒன்று வந்தது. மேலே சிங்க முத்திரை, சித்தப்பா போட்டோ, 'செல்லுபடி 5 ஆண்டு'. கையெழுத்து, சீல் எல்லாம் பிரிண்டரில் அடித்தது. கோப்பு எண் என்று எதுவுமே இல்லை. ரேஞ்ச் ஆபீஸில் காட்டினோம். வனவர் அட்டையைத் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை. "இப்படி ஒரு லைசென்ஸே கிடையாதுங்க" என்றார்.

சட்டம் இதுதான். 1972ஆம் வருட வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் முன்பு வேட்டை உரிமம் இருந்தது. 1991 திருத்தத்தில் அதை எடுத்துவிட்டார்கள். வயதோ பட்டாவோ எதை வைத்தும் தனி ஆள் அதற்கு விண்ணப்பிக்கவே முடியாது. உயிருக்கோ பயிருக்கோ ஆபத்து என்றால் தலைமை வன உயிரினக் காப்பாளரோ அவர் அதிகாரம் கொடுத்த அதிகாரியோ காரணத்தை எழுதி உத்தரவு போட வேண்டும். துப்பாக்கி உரிமம் வேறு சமாச்சாரம். அதற்கு 21 வயது ஆகியிருக்க வேண்டும். அது கையில் இருந்தாலும் விலங்கைச் சுட அனுமதி ஆகாது. சுருக்குக் கம்பி கட்டுவது, வெடி வைப்பது எல்லாமே சட்டப்படி வேட்டைதான், முயற்சி செய்தாலே குற்றம். மூன்று வருடம் வரை ஜெயில், ஒரு லட்சம் வரை அபராதம். அந்த அட்டையை நம்பி சித்தப்பா காட்டுக்குள் இறங்கியிருந்தால் உள்ளே போயிருப்பது அவர்தான், ஏஜென்ட் இல்லை. எனக்கு வயிறு எரிவது அதனால்தான்.

மீன்பிடி உரிமம் உண்மையிலேயே உண்டு, ஆனால் அதை மீன்வளத் துறையில் நேராகப் போய் வாங்க வேண்டும். பன்றி மேய்ந்துவிட்டால் அழிந்த பயிரை உடனே போட்டோ எடுத்து, வி.ஏ.ஓ.விடம் சொல்லி, வனத்துறையில் இழப்பீட்டுக்கு மனுக் கொடுங்கள்.

ஏற்கெனவே ஜிபேயில் பணம் அனுப்பியவர்கள் உடனே சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930க்குக் கூப்பிடுங்கள். நாங்கள் போலீஸில் புகார் கொடுத்திருக்கிறோம். ஆதார், சிட்டா நகல் எல்லாம் இன்னும் அவனிடம்தான் இருக்கிறது. உங்கள் ஊரிலும் இதே ஆள் வந்திருந்தால் நீங்களும் புகார் கொடுங்கள், அட்டையைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.