கல்லடி வீட்டை மீட்டுத் தந்த சட்டத்தரணி அலுவலகம்: நிறையும் குறையும்

மட்டக்களப்பு நகரில் இயங்கும் ஒரு சட்டத்தரணி அலுவலகத்தின் சேவையைப் பற்றி எழுதுகிறேன். அவர்கள்மீது எனக்குக் குறையும் இருப்பதால் பெயரைத் தவிர்க்கிறேன்.

கல்லடியில் எனக்குச் சீதனமாகக் கிடைத்த வீட்டையும் வளவையும் 2018 இல் 60 இலட்சம் ரூபாவுக்கு விற்கப் பேசி, நொத்தாரிசு முன்னிலையில் உடன்படிக்கை எழுதி, 15 இலட்சம் முற்பணம் வாங்கினோம். மீதியை ஆறு மாதத்தில் தருவதாகச் சொன்ன குடும்பத்தை நம்பி அன்றைக்கே சாவியையும் கொடுத்துவிட்டோம். இரண்டு வருடமாகியும் பணம் வரவில்லை. அவர்கள் வீட்டை விட்டு எழும்பவும் இல்லை.

சட்டத்தரணி உடன்படிக்கையை இரண்டு முறை வாசித்து, 'ஆட்சி கையளிக்கப்பட்டது', அதாவது வீடு அவர்கள் கைவசம் கொடுக்கப்பட்டது, என்ற சொற்களின் கீழ் சிவப்புப் பேனையால் கோடிட்டார். மீதி வராவிட்டால் வீட்டை எப்போது, எப்படித் திருப்பித் தர வேண்டும் என்று அதில் ஒரு வரிகூட இல்லை. அதை எழுதிய நொத்தாரிசை என்னால் இன்றும் மன்னிக்க முடியவில்லை.

என் அண்ணன் பூட்டை மாற்றவும் கரண்டை வெட்டவும் ஆயத்தமாக நின்றார். "தங்கச்சி, பூட்டில கை வெச்சிராதீங்க" என்று சட்டத்தரணி தடுத்தார். 1979 ஆம் ஆண்டின் 44 ஆம் இலக்க ஆரம்ப நீதிமன்ற நடவடிக்கைமுறைச் சட்டத்தின் 66 ஆம் பிரிவின் கீழ், சமாதானம் குலையும் அளவுக்குக் காணிப் பிணக்கு முற்றினால் விடயம் நீதிமன்றத்துக்குப் போகும் என்றும், அங்கே காணி உறுதி யாருடையது என்பதைவிட ஆட்சியில் இருந்தவர் யார் என்பதே பார்க்கப்படும் என்றும், இரண்டு மாதத்துக்குள் பலவந்தமாக வெளியேற்றப்பட்டவரை மீண்டும் உள்ளே அமர்த்த அதற்கு அதிகாரம் உண்டு என்றும் பொறுமையாக விளக்கினார். அவர் அன்று தடுத்திராவிட்டால், வழக்கில் நாங்களே குற்றவாளிகளைப் போல நின்றிருப்போம்.

முதல் வேலையாக அவர் பதிவுத் தபாலில் ஒரு கோரிக்கைக் கடிதம் அனுப்பினார். உடன்படிக்கை முடிந்துவிட்டது, குடியிருக்கக் கொடுத்த அனுமதியும் முடிந்துவிட்டது, வெளியேறினால் முற்பணத்தைத் திருப்பித் தர ஆயத்தமாக இருக்கிறோம் என்பதுதான் அதன் சாரம். அனுமதியோடு உள்ளே வந்தவர் பத்து வருட ஆட்சியைக் காட்டி உரிமை கோருவது எளிதல்ல என்றாலும், அந்த அனுமதியை எழுத்தில் பதிந்து வைப்பது நல்லது என்றார். பிறகு காணிப் பதிவகத்தில் முந்தைய உறுதிகளின் பிரதிகளை எடுத்து எங்கள் உரித்தைக் காட்டி வீட்டை மீட்க மாவட்ட நீதிமன்றத்தில் வழக்கிட்டார். இவ்வகை வழக்கில் எதிராளியின் பலவீனம் நமக்கு உதவாது, நம் உரித்தை நாமே நிரூபிக்க வேண்டும் என்பதை அவர் ஒருபோதும் மறக்கவிடவில்லை.

எதிர்த்தரப்பு, தாங்கள் கட்டிய குசினிக்கு இழப்பீடு தரும்வரை வெளியேற மாட்டோம் என்றது. சட்டத்தரணி தாமே வந்து, வெயிலில் நின்று அதை நாடா பிடித்து அளந்து படமும் எடுத்தார். 2023 இல் குத்தகைக்குக் கொடுத்த இடங்களை விரைவாக மீட்பதற்குச் சட்டம் வந்ததும் அந்த வழியில் போகலாமா என்று கேட்டேன். குத்தகையே எழுதாத நமக்கு அது பொருந்தாது என்று சொன்னவர், அன்றைக்குக் கட்டணமும் வாங்கவில்லை.

குறைகளுக்கு வருகிறேன். வழக்குத் தவணை மாறினால் அறிவிக்கும் பழக்கம் அங்கு இல்லை. நீதிபதி விடுமுறை என்று முதல் நாள் மாலையே எழுதுவினைஞருக்குத் தெரிந்திருந்தும், இரண்டு முறை அக்கரைப்பற்றிலிருந்து பஸ் ஏறி வந்து வெறுங்கையோடு திரும்பினேன். தவணைக்குத் தவணை வாங்கிய பணத்துக்குப் பற்றுச்சீட்டும் தரவில்லை. அங்கு போகிறவர்கள் கட்டணத்தை முதல் நாளே எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

2024 இல் இரு தரப்பும் இணங்கின. முற்பணம் 15 இலட்சத்தோடு குசினிக்காக இரண்டு இலட்சம் நாங்கள் கொடுப்பது, அவர்கள் மூன்று மாதத்தில் வெளியேறுவது, தவறினால் பிஸ்கால் (நீதிமன்றக் கட்டளையை நிறைவேற்றும் அதிகாரி) மூலம் வெளியேற்றுவது என்று நீதிமன்றத்தில் பதியப்பட்டது. கடைசி நாளில் சட்டத்தரணியும் வந்திருந்தார். அறை அறையாகப் பார்த்து, மின்மானியையும் தண்ணீர் மானியையும் வாசித்துக் குறித்து, கையளிப்புக் கடிதத்தில் அவர்களின் கையொப்பம் விழுந்த பிறகுதான் காசோலையை நீட்டும்படி எனக்குத் தலையசைத்தார்.