புனலூர் தொங்கு பாலமா, பதிமூணு கண் பாலமா?

செங்கோட்டையிலிருந்து ஆரியங்காவு வழியாகக் கொல்லம் போகிறீர்கள். குடும்பத்தோடு ஒரே ஒரு இடத்தில் இறங்கி நிற்கத்தான் நேரம் இருக்கிறது. எங்கே நிறுத்துவது? பாலருவிக்கும் தென்மலை அணைக்கும் அரை நாளாவது ஒதுக்க வேண்டும். சாலையோரமாகவே இருப்பவை இரண்டு பழைய பாலங்கள்.

முதலில் வருவது கழுதுருட்டிக்குப் பக்கத்தில் இருக்கும் பதிமூணு கண் ரயில் பாலம். 1904-இல் திறந்த கொல்லம்–செங்கோட்டை மீட்டர் கேஜ் பாதைக்காகக் கருங்கல்லில் கட்டியது. ஒரு பக்கம் மலைச்சரிவு, கீழே தேசிய நெடுஞ்சாலை, அதை ஒட்டி ஆறு. ரயில் வரும் நேரமாகப் பார்த்துப் போனால் இதற்கு ஈடு கிடையாது. குழந்தைகள் கூத்தாடுவார்கள். ரயில் இல்லாத நேரத்தில் பத்து நிமிடம் போதும், ஒரு படம் எடுத்துவிட்டுக் கிளம்பிவிடலாம். வளைவில் இருக்கும் சாலை என்பதால் வண்டியை நன்றாக ஓரங்கட்டி நிறுத்துங்கள். தண்டவாளத்தில் ஏறிப் படம் எடுப்பவர்களைப் பார்த்து நீங்களும் ஏற வேண்டாம், அது ரயில் ஓடும் பாதை.

2010-இல் மீட்டர் கேஜ் வண்டிகளை நிறுத்தி, அகலப் பாதையாக மாற்றி, 2018-இல் மறுபடி திறந்தார்கள். அப்போது தூண்களுக்குக் கான்கிரீட் போட்டு வலுப்படுத்தியதில் பழைய கல்லின் அழகு கொஞ்சம் மறைந்துபோனது. எனக்கு அதில் வருத்தம்தான். ஆனாலும் நூறு வருடத்துக்கு மேலாகியும் அது தன் வேலையைச் செய்துகொண்டிருக்கிறது.

புனலூர் தொங்கு பாலத்தின் கதை நேர் எதிர். அது வேலையிலிருந்து ஓய்வு பெற்றுவிட்டது. பக்கத்திலேயே கான்கிரீட் பாலம் வந்த பிறகு வண்டிகள் அந்தப் பக்கம் போய்விட்டன; இது பாதுகாக்கப்பட்ட நினைவுச்சின்னமாகி நடப்பவர்களுக்கு மட்டும் என்றானது. கல்லடையாற்றின் குறுக்கே 1877-இல் ஆல்பர்ட் ஹென்றி என்ற பொறியாளர் திருவிதாங்கூர் சமஸ்தானத்துக்காகக் கட்டியது. நம் செங்கோட்டையும் அந்தச் சமஸ்தானத்தின் எல்லைக்குள் இருந்த ஊர்தான், 1956-இல்தான் தமிழகத்தோடு சேர்ந்தது. மலைக்குக் கிழக்கேயிருந்து சரக்கு கொண்டுபோனவர்களுக்கு ஆற்றைத் தாண்ட உதவிய பாலம் இது.

இரண்டு கரையிலும் கல்லால் கட்டிய உயரமான வளைவு வாசல்கள். அவற்றின் மேலிருந்து பெரிய இரும்புச் சங்கிலிகள் இறங்குகின்றன. சங்கிலிகளிலிருந்து கம்பிகள், கம்பிகளில் மரத்தளம். சங்கிலியின் நுனிகளைக் கரையில் கிணறுபோல் ஆழமாகத் தோண்டி உள்ளே பிணைத்திருக்கிறார்கள். மொத்தப் பாரத்தையும் சங்கிலி எப்படி வாங்கி மண்ணுக்குள் கொண்டுபோகிறது என்பதைப் பள்ளிப் பிள்ளைக்கும் விரலால் காட்டி விளக்கிவிடலாம். தளம் கம்பகம் என்ற உறுதியான மரத்தின் பலகைகள். பாலம் ஆடுவதால் காட்டு மிருகங்கள் பயந்து ஊருக்குள் வராது என்று உள்ளூரில் ஒரு பேச்சு உண்டு. நடக்கும்போது பலகை இடுக்கில் ஆறு தெரியும். அந்த அனுபவத்தை ரயில் பாலத்தால் தர முடியாது. அதைக் கீழே நின்று அண்ணாந்து பார்க்கத்தான் முடியும்.

ஆகவே என் வாக்கு புனலூருக்கு. வயதானவர்கள் கூட இருந்தால் இன்னும் உறுதியாகச் சொல்வேன்: இது மலைச்சாலை இல்லை, ஊருக்கு நடுவில் இருக்கிறது, டீக்கடையும் சாப்பாட்டுக் கடையும் தேடி அலைய வேண்டாம். வெயில் தாழ்ந்த பிறகு போனால் நிதானமாக நடக்கலாம். ரயில் பைத்தியம் பிடித்த பிள்ளை வீட்டில் இருந்தால் மட்டும் கழுதுருட்டியைத் தேர்ந்தெடுங்கள், அதுவும் வண்டி நேரத்தை முதலிலேயே விசாரித்துக்கொண்டு.

ஒரு விஷயம். மரத்தளம் என்பதால் புனலூரில் பராமரிப்பு வேலை நடக்கும்போது பாலத்தை மூடிவிடுவது உண்டு. அப்படி மூடியிருந்தால் திரும்பிவிடாதீர்கள். பக்கத்துக் கான்கிரீட் பாலத்துக்குப் போங்கள். சங்கிலி இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்கு வளைந்து போவது முழுதாகத் தெரிவது அங்கிருந்துதான்.