ஒரு துவர்த்து, எட்டு இடம்: நாகர்கோவில் ஒருநாள் சமயச் சுற்று எப்படி?

நாகர்கோவிலில் கார், கைடு, சின்னதாய் ஒரு கையேடு மூன்றையும் சேர்த்து ஒருநாள் சுற்று நடத்துகிறவர்கள் இருக்கிறார்கள். இந்த மதிப்புரை அவற்றில் ஒன்றைப் பற்றியது. எட்டு இடங்கள்: அய்யா வழியினர் வழிபடுகிற சாமித்தோப்பு பதி, சுசீந்திரம், நாகராஜா கோவில், கோட்டாறு சவேரியார் பேராலயம், சிதறால் மலை, தக்கலை பீர் முகம்மது அப்பா தர்கா, புலியூர்க்குறிச்சி உதயகிரிக் கோட்டை, திருவிதாங்கோடு அரைப்பள்ளி என்ற தேவாலயம். கையேட்டின் பின்பக்கத்தில் 25 கேள்விகள். நம் மதத்தைப் பற்றியும் அடுத்தவர் மதத்தைப் பற்றியும் நமக்கு எவ்வளவு தெரியும் என்று சோதிக்கிற கேள்விகள். ஒவ்வொரு இடத்துக்கும் போகிற வழியில் காரிலேயே பதில் எழுதச் சொல்கிறார்கள். திரும்பி ஏறியதும் கைடு விடை சொல்கிறார்.

யோசனை அருமை. 2011 கணக்கெடுப்பின்படி குமரி மாவட்டத்தில் இந்துக்கள் 48.65 சதவீதம், கிறிஸ்தவர்கள் 46.85, முஸ்லிம்கள் 4.20. கோயில் கொடைச் சோறும் சர்ச் திருவிழாவும் எல்லா வீட்டுப் பிள்ளைகளுக்கும் பழக்கம். பழக்கம் இருக்கிற அளவுக்கு விவரம் இல்லை என்பதை அந்த 25 கேள்விகள் நன்றாகவே வெளியே கொண்டுவருகின்றன. வண்டி சுத்தம், டிரைவர் நிதானம், நேரம் சரி. கோளாறு விடைகளில்தான். விடையே தப்பாக இருந்தால் சுற்றி வந்து பயன் என்ன?

முதலில் உடை. கையேட்டில் 'நாகரிகமான உடை' என்று ஒரே வரி. இது போதாது, ஏனென்றால் ஒவ்வொரு வாசலிலும் விதி வேறு. சுசீந்திரத்தில் ஆண்கள் சட்டையும் பனியனும் கழற்ற வேண்டும். சாமித்தோப்பிலும் மேலுடம்பு வெறும் உடம்புதான், ஆனால் தலையில் தலைப்பாகை கட்ட வேண்டும். தர்காவில் தலையை மூட வேண்டும். சர்ச்சுக்குள் ஆண்கள் தொப்பி போடக் கூடாது. நல்ல நீளமான துவர்த்து, அதாவது துண்டு, ஒன்று இருந்தால் தோளில் போட, தலையில் கட்ட, மூட, மலையேறும்போது வியர்வை துடைக்க எல்லாவற்றுக்கும் ஆகும். பெண்களுக்கு ஒரு துப்பட்டா. பட்டன் அதிகமுள்ள சட்டையைத் தவிர்த்தால் வாசலில் நிற்கிற நேரம் மிச்சம்.

சுசீந்திரம். 'தாணுமாலயன் என்றால் யார்?' என்பது கையேட்டின் மூன்றாம் கேள்வி. தாணு சிவன், மால் திருமால், அயன் பிரம்மா. மூவரும் ஒரே மூர்த்தி. வீட்டுக்கு ஒருவருக்குத் தாணு என்று பெயர் இருந்த நாஞ்சில் நாட்டிலேயே இதற்குத் தடுமாறுகிறவர்கள் உண்டு. கைடு இதைத் தெளிவாகச் சொல்கிறார், இசைத்தூண்களையும் பொறுமையாகக் காட்டுகிறார். பிறகு பெரிய அனுமார் முன்னால் வந்ததும், '1740-இல் திப்பு சுல்தானுக்குப் பயந்து இந்தச் சிலையைப் புதைத்து வைத்தார்கள், 1930-இல் தோண்டி எடுத்தார்கள்' என்கிறார். கையேட்டிலும் அதுவே விடை.

இது நடந்திருக்க வழியே இல்லை. திப்பு பிறந்ததே 1750-ஐ ஒட்டித்தான். திருவிதாங்கூர்மீது அவர் படை எடுத்தது 1789 டிசம்பரில், வடக்கே நெடுங்கோட்டையில். 1790-இல் அந்த அரணை உடைத்து ஆலுவா வரை வந்து திரும்பிவிட்டார். நாஞ்சில் நாட்டுப் பக்கம் அவர் வரவே இல்லை. 1740-ஐ ஒட்டி இங்கே படையோடு புகுந்தவர் ஆற்காட்டு நவாபின் மருமகன் சந்தா சாகிப். சிலை புதைந்திருந்த செய்தி வேறு, அதை யார் தலையில் கட்டுகிறோம் என்பது வேறு. இரண்டு ஆண்டுகளைப் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்த்தாலே பிடிபடுகிற பிழை, பத்து வயதுப் பிள்ளையும் கண்டுபிடித்துவிடும். அடுத்தவர் மதத்தைப் பற்றி நம் மனதில் தங்கிப்போகிற கசப்பில் பாதி இப்படிச் சரிபார்க்காத ஒற்றை வரியில் தொடங்குகிறது. உடனே திருத்த வேண்டியது இதுதான்.

நாகராஜா கோவிலும் சிதறாலும் இந்தச் சுற்றின் பொக்கிஷம். இரண்டையும் அடுத்தடுத்து வைக்காதது பெரிய குறை. நாகராஜா கோவிலில் கருவறைக் கூரை இன்றும் ஓலை, பிரசாதம் அங்கே எடுக்கிற மண். இதைச் சொல்லிவிட்டு கைடு வெளியே கூட்டிவந்துவிடுகிறார். தூண்களைக் காட்டவில்லை. அந்தத் தூண்களில் மகாவீரர், பார்சுவநாதர், பத்மாவதி உருவங்கள் இருக்கின்றன. 16-ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டுகளில் குணவீர பண்டிதர், கமலவாகன பண்டிதர் என்ற சமணப் பண்டிதர்களுக்கு நிலம் கொடுத்த செய்தி இருக்கிறது. ஊருக்கே பெயர் கொடுத்த கோயிலில் சமணம் அத்தனை காலம் இருந்திருக்கிறது. இது 25 கேள்விகளில் ஒன்றாகக்கூட இல்லை.

சிதறாலில் இன்னொரு வகைத் தடுமாற்றம். பாறையில் செதுக்கிய உருவங்களை கைடு ஒரு தடவை 'புத்தர்' என்றார், மறு தடவை 'சமண முனிவர்' என்றார். அடையாளம் காண்பது கஷ்டமில்லை. தலைக்கு மேல் மூன்றடுக்குக் குடை இருக்கிறதா என்று பாருங்கள். முக்குடை இருந்தால் சமணத் தீர்த்தங்கரர். உடம்பில் துணி மடிப்பு இருக்கிறதா என்று பாருங்கள். புத்தருக்குத் தோளிலிருந்து இறங்குகிற சீவரம் இருக்கும், தீர்த்தங்கரருக்கு ஆடையே இல்லை. நேராக நின்று, இரண்டு கையையும் உடம்பில் ஒட்டாமல் தொங்கவிட்டு, தலைக்கு மேல் பாம்புப் படம் விரிந்திருந்தால் பார்சுவநாதர். பாம்பு புத்தருக்கும் உண்டு, ஆனால் அவர் பெரும்பாலும் உட்கார்ந்திருப்பார். சிங்கமும் இரண்டு குழந்தைகளும் பக்கத்தில் இருக்க நிற்கிற பெண் அம்பிகா யட்சி என்ற சமணத் தெய்வம். சிங்கத்தைப் பார்த்ததும் துர்க்கை என்று கும்பிட்டுப் போகிறார்கள். கும்பிடுவதில் தவறில்லை, பெயர் தெரிந்து கும்பிடலாமே.

இங்கே ஆய் அரசன் விக்கிரமாதித்த வரகுணன் காலத்து வட்டெழுத்துக் கல்வெட்டு இருக்கிறது, 9-ஆம் நூற்றாண்டை ஒட்டியது. குணந்தாங்கிக் குரத்திகள் என்ற பெண் துறவி பொன் அணி கொடுத்த செய்தி அதில் வருகிறது. குரத்தி என்பது குரவர் என்பதன் பெண்பால். சமயம் கற்பித்த பெண் என்று பொருள். கையேட்டில் இது வல்லின றகரத்தோடு 'குறத்தி' என்று அச்சாகியிருக்கிறது. ஒரே எழுத்துப் பிழையில் ஆயிரம் ஆண்டுக்கு முந்தைய ஓர் ஆசிரியை வேறு யாரோ ஆகிவிட்டார். 13-ஆம் நூற்றாண்டு வாக்கில் இந்த இடம் பகவதி கோயிலாயிற்று. மகாவீரர், பார்சுவநாதர் பக்கத்திலேயே தேவியும் இருப்பதற்குக் காரணம் அதுதான்.

ஏறுவதற்குக் கல் பாவிய பாதை உண்டு, நிதானமாக நடந்தால் இருபது நிமிடம். இவர்கள் கொண்டுபோவது நடுப்பகல் பன்னிரண்டரைக்கு. கோயில்கள் நடை சாத்துகிற நேரத்தை நிரப்ப அப்படிச் செய்கிறார்கள். பாறைச் சூட்டில் யாருக்கும் எதையும் நின்று பார்க்கத் தோன்றாது. மாலை மூன்றரைக்கு மாற்றினால் தீர்ந்தது. நடுப்பகலுக்கு உதயகிரிக் கோட்டையையும் கோட்டாறையும் வைத்துக்கொள்ளலாம்.

கோட்டாறில் கைடு சொன்ன இரண்டு விவரங்களில் ஒன்று தப்பு, ஒன்று அரைகுறை. தேவசகாயம் 'இந்தியாவின் முதல் புனிதர்' என்பது தப்பு. மும்பைப் பக்கம் வசாயில் பிறந்த கொன்சாலோ கார்சியா 1862-இலேயே புனிதர். கேரளத்து அல்போன்சா 2008-இல். 2022 மே 15-இல் புனிதரான தேவசகாயம் இந்தியாவின் முதல் பொதுநிலைப் புனிதர், அதாவது குருவோ துறவியோ அல்லாதவர். இந்த ஒரு சொல்லை விட்டுவிட்டால் அவருடைய சிறப்பே போய்விடும். காரில் இருந்த கத்தோலிக்கர்களும் இதைத் தப்பாகவே எழுதினார்கள். பேராலயத்துக்குள் இருக்கிற கல்லறை அவருடையது. சவேரியார் உடல் கோவாவில் இருக்கிறது. பெயர் சவேரியார் கோயில் என்பதால் குழம்புகிறார்கள். தேவசகாயம் என்பதே லாசர் என்ற பெயரின் தமிழாக்கம்.

அரைகுறை விடை, 'கிறிஸ்தவர் இரண்டு பிரிவு, ஆர்.சி. (ரோமன் கத்தோலிக்கர்), சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை)' என்பது. இந்த மாவட்டத்திலேயே கத்தோலிக்கர் மூன்று வழிபாட்டு முறைக்காரர்கள்: கோட்டாறு, குழித்துறை மறைமாவட்டங்கள் லத்தீன் முறை, தக்கலை சீரோ மலபார், மார்த்தாண்டம் சீரோ மலங்கரை. மூன்று பேருக்கும் தலைமை போப்தான். திருவிதாங்கோடு அரைப்பள்ளி மலங்கரை ஆர்த்தடாக்ஸ், அவர்களுக்குப் போப் தலைமை இல்லை. பெயர் ஒன்றுபோலக் கேட்பதால் மலங்கரைக் கத்தோலிக்கரையும் மலங்கரை ஆர்த்தடாக்ஸையும் ஒன்றாக்கிவிடுகிறார்கள். சி.எஸ்.ஐ. 1947-இல் உருவானது. இவை தவிர இரட்சணிய சேனை, பெந்தெகொஸ்தே சபைகள். அரைப்பள்ளியை கி.பி. 63-இல் இயேசுவின் சீடர் தோமா கட்டினார் என்பதை கைடு வரலாறாகச் சொல்கிறார். அது சபையின் மரபு என்று சொன்னால் நியாயம், மரபுக்கும் மரியாதை குறையாது.

சர்ச்சில் பூசை நேரத்தில் உள்ளே போனால் கைடு அவசியம் சொல்ல வேண்டிய ஒன்று உண்டு, சொல்லவில்லை. பூசையில் கொடுக்கிற நற்கருணை அப்பம் பிரசாதம் அல்ல. வரிசை நகர்கிறதே என்று பின்னாலேயே போய்க் கை நீட்டக் கூடாது. கத்தோலிக்கருக்கு அது கிறிஸ்துவின் உடல். கடைசிப் பெஞ்சில் அமைதியாக உட்கார்ந்திருந்தால் போதும், யாரும் தவறாக நினைக்க மாட்டார்கள்.

சாமித்தோப்பை 'வைணவப் பிரிவு' என்று கையேடு சொல்கிறது. அய்யா வழியைத் தொடங்கிய வைகுண்டரின் பெயரையும் நெற்றி நாமத்தையும் வைத்துச் சொல்லிவிட்டார்கள். அய்யா வழி நாமம் புருவத்திலிருந்து மேலே எழுகிற தீச்சுடர் வடிவம். உள்ளே சிலை இல்லை, கண்ணாடி இருக்கிறது. அரசுக் கணக்கில் இந்து என்று சேர்த்தாலும் தங்களைத் தனி வழி என்று சொல்கிறவர்கள் பலர். கையேட்டில் இரண்டையும் எழுத வேண்டும். தலைப்பாகைக்குக் காரணத்தையும் எழுத வேண்டும்: ஒடுக்கப்பட்ட சாதியார் தலைப்பாகை கட்டக் கூடாது என்றிருந்த திருவிதாங்கூரில், கட்டிக்கொண்டு வழிபடுங்கள் என்றார் வைகுண்டர். காரணம் தெரியாதவர்கள் துவர்த்தைக் கைக்குட்டைபோல் மடித்துத் தலையில் வைத்துக்கொள்கிறார்கள். வைகுண்டர் பிறந்த அதே 1809-இல், பக்கத்து மயிலாடியில் மிஷனரி ரிங்கல்தௌபே தென்திருவிதாங்கூரின் முதல் புராட்டஸ்டன்ட் ஆலயத்தைக் கட்டினார். சாமித்தோப்பிலிருந்து மயிலாடி ரொம்பப் பக்கம். ஒன்பதாவது இடமாகச் சேர்த்தால் அந்தக் காலத்து ஏழைச் சனம் எதைத் தேடிப் போனது என்று தானாகவே விளங்கும்.

உதயகிரிக் கோட்டையில் குறை சொல்ல ஒன்றுமில்லை. குளச்சல் போரில் 1741-இல் பிடிபட்டு, மார்த்தாண்ட வர்மாவுக்கே தளபதியான டச்சுக்காரர் டிலனாயின் கல்லறை, அதில் லத்தீனும் தமிழும். அவர் சொல்லக் கேட்டுத்தான் நீலகண்டன் 1745-இல் ஞானஸ்நானம் பெற்றுத் தேவசகாயம் ஆனார். கைடு இந்தத் தொடர்பை அழகாகச் சொன்னார்.

கேள்விகளில் மிக நல்லது, 'சிவாலய ஓட்டத்தில் ஓடுகிறவர்கள் யார் பெயரைச் சொல்லி ஓடுகிறார்கள்?' சிவராத்திரிக்குப் பன்னிரண்டு சிவன் கோயில்களுக்கு ஓடுகிறவர்கள் வாயில் 'கோவிந்தா, கோபாலா'. பன்னிரண்டாவது கோயில் திருநட்டாலம். தேவசகாயம் பிறந்ததும் அதே நட்டாலம். இதையும் ஒரு வரி சேர்த்திருக்கலாம்.

தர்காவுக்குக் கொடுக்கிறது பத்தே நிமிடம். அதிலும் கைடு அதை 'மசூதி' என்கிறார். பள்ளிவாசல் தொழுகைக்கான இடம், தர்கா ஓர் இறைநேசரின் அடக்கத் தலம். தர்கா வழிபாட்டை ஏற்காத முஸ்லிம்களும் உண்டு. தென்காசியில் பிறந்து தக்கலையில் அடங்கிய பீர் முகம்மது அப்பா பெரிய தமிழ்ப் புலவர் என்பது கையேட்டில் இல்லை. ஞானப்புகழ்ச்சி, ஞானமணிமாலை, ஞானக்குறம் எல்லாம் அவர் பாடியவை. சித்தர் பாட்டு படித்தவர்களுக்கு அந்த மொழி அந்நியமாக இருக்காது. அரை மணி நேரமாவது வேண்டும். பெண்கள் எதுவரை போகலாம் என்பதை வாசலில் இருப்பவர்களிடம் கேட்டுக்கொள்வது நல்லது.

பணம் பேசும்போது டீசல், பார்க்கிங், டிரைவர் பேட்டா எல்லாம் சேர்த்தா என்று கேட்டுவிடுங்கள். டிசம்பர் 3 சவேரியார் திருநாளன்றும் மார்கழியில் சுசீந்திரம் தேரன்றும் இந்தச் சுற்று வேண்டாம், கார் நகராது. தக்கலைக்கு மட்டும் தனியாகப் போக ஒரு நாள் உண்டு: ரஜப் மாதம் 14-ஆம் இரவு. அன்று தர்காவில் விடிய விடிய ஞானப்புகழ்ச்சி பாடுவார்கள். ஆண்டுக்குப் பத்துப் பதினோரு நாள் முன்னால் வரும், பிறைக் கணக்கைப் பார்த்துக்கொள்ள வேண்டும். அதற்கு கைடு வேண்டாம். பாட்டு தமிழில்தான், நாகர்கோவிலிலிருந்து தக்கலைக்கு பஸ் இருக்கிறது.